பட்டிமாடும் நச்சுப்பூண்டும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கம், ஞாயிறு படும் பக்கம் என்று முன்னோர் இட்ட பெயர்கள் அவை. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவியின் படுவான்கரையிலே, கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், வயலும் குளமும் பற்றைக்காடும் கலந்த ஓர் ஊரிலே பிறந்தவன் நான். மேய்ச்சல் நிலங்களில் தாமாக முளைத்து நின்று, ஆடு மாடுகளுக்கு நஞ்சாகும் செடி கொடிகளைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளியை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தென்னைகள் வரிசை வரிசையாய்ச் சாய்ந்தன. காட்டு மரங்கள் முறிந்தன. பட்டி பட்டியாக மாடுகள் மாண்டன. எங்கள் பட்டியிலும் எஞ்சியவை சிலவே. அவற்றுள் ஒன்று, கறுப்புடலில் முதுகும் விலாவும் வெள்ளைத் திட்டுக்களாய் அமைந்த பசு. புள்ளிச்சி என்று அதனை அழைப்போம். அவ்வாண்டு எங்கள் வீட்டில் உலையேறியதும், நாங்கள் பாடசாலை சென்றதும் பெரும்பாலும் அதன் பாலினால் என்று சொன்னால் மிகையாகாது.

மறு ஆண்டு ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அனலாய் வீசியது. புல் கருகியது. சூறாவளி மரங்களை வீழ்த்திய இடங்களில், வெயில் தாராளமாக நிலத்தில் விழ, முட்பற்றைகள் மட்டும் பசுமையாய்ச் செழித்து நின்றன. என் தந்தையார் காலையிற் புள்ளிச்சியை வயலோரப் பற்றையருகே நீண்ட கயிற்றிற் கட்டிவிட்டு வேலைக்குச் செல்வார். மாலையில் அவிழ்த்து வருவார். சில நாள்களில் பசு தீனியில் நாட்டமிழந்தது; அசைபோடவில்லை; சாணம் இறுகியது; கண்ணின் வெண்மை மஞ்சளித்தது. பின்னர் அதன் முதுகும் விலாவும் சிவந்து வீங்கின. நீர் கசிந்தது. காய்ந்த ஓலை மடிந்து பிரிவதுபோலத் தோல் உரியத் தொடங்கிற்று. பார்த்தவர் யாவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: யாரோ கொதிநீரை ஊற்றிவிட்டார்கள்.

யார் ஊற்றியிருப்பார் என்று தேட வேண்டியும் இருக்கவில்லை. அதற்குச் சில நாள் முன்புதான் புள்ளிச்சி கயிற்றை அறுத்துக்கொண்டு அயல் வளவினுட் புகுந்து மிளகாய்க் கன்றுகளைத் துவைத்திருந்தது. அவ்வளவுக்காரர் எங்களுக்கு மைத்துனர் முறையானவர். "இனி இந்த மாடு என் வளவுக்குள்ள வந்தாச் சும்மா விடமாட்டன்" என்று அவர் வேலிக்கு மேலால் உரக்கச் சொன்னதை ஊரே கேட்டிருந்தது. பசு இறந்தது. இரண்டு குடும்பங்களும் நன்மை தின்மைகளுக்குப் போய்வருவதை நிறுத்தின. அவர் மகளின் திருமணத்துக்கு நாங்கள் செல்லவில்லை. என் பாட்டியாரின் சாவுக்கு அவர்கள் வரவில்லை. ஒரே வேலி, இரு பக்கமும் பதினேழு ஆண்டு மௌனம்.

1996ஆம் ஆண்டு, வேறு காரியமாக, கால்நடை வைத்தியரான ஓர் அம்மையாரோடு பேச நேர்ந்தது. பேச்சினிடையே இக்கதையைச் சொன்னேன். அவர் என்னை ஒன்றே ஒன்று கேட்டார்: "தோல் உரிந்த இடம் கறுப்பா, வெள்ளையா?" நான் சிந்தித்துப் பார்த்தேன். வெள்ளைத் திட்டுக்கள் மட்டுமே உரிந்திருந்தன. ஒட்டியிருந்த கறுப்புத் தோல் கோடு கிழித்தாற்போல ஊறின்றி இருந்தது. "ஊற்றுகிறவன் வெள்ளையைப் பார்த்துப் பார்த்தா ஊற்றுவான்?" என்றார் அவர். கொதிநீர் நிறம் பார்த்துச் சுடுவதில்லை என்ற எளிய உண்மை பதினேழு ஆண்டுகளாக எங்களில் ஒருவருக்கேனும் தோன்றாமற் போயிற்று.

புள்ளிச்சியைக் கொன்றது உண்ணிச்செடி. சதுரத் தண்டும், அதிற் சிறு முள்ளும், சொரசொரப்பான இலையும், கசக்கினாற் கடுமணமும் உடையது. மஞ்சளும் சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூங்கொத்து விரியும். காய் பழுத்துக் கருநீலமாகும். ஆங்கிலத்திலும் அறிவியலிலும் லந்தானா என்று இதற்குப் பெயர். வெப்ப மண்டல அமெரிக்காவே இதன் தாயகம். 1826ஆம் ஆண்டளவில் பேராதனை அரச பூங்கா வழியாக, அழகுச் செடியாக, இலங்கைக்கு வந்தது என்பர். பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் பரப்பின. பூங்காவிற் பேணப்பட்ட விருந்தினர் இன்று காட்டின் ஓரமெங்கும் வேரூன்றி, அகற்ற முடியாத குடியாகிவிட்டார்.

இச்செடியின் நஞ்சு இலையிலுள்ள லந்தடீன் என்னும் பொருள். தென்னாபிரிக்காவில் லோ என்னும் ஆய்வாளர் 1940களில் இதனைப் பிரித்தெடுத்தார். அது ஈரலைத் தாக்கிப் பித்தநீர் ஓடும் வழியைத் தடை செய்கிறது. அதனால் தோல் ஏன் உரிய வேண்டும் என்று நேயர்கள் வினவலாம். அதன் விடை வியப்பானது.

மாடு தின்னும் புல்லிலே பச்சையம் உண்டு. முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அப்பச்சையத்தைச் சிதைக்கும்போது பைலோஎரித்திரின் என்னும் பொருள் உண்டாகின்றது. நலமான மாட்டில் ஈரல் அதனைப் பித்தத்தோடு சேர்த்து வெளியேற்றிவிடும். நாள்தோறும் உண்டாகி நாள்தோறும் நீங்குவதால் அதனால் ஒரு தீங்கும் இல்லை. பித்தவழி அடைபட்டாலோ, அது குருதியிற் கலந்து தோலை அடைகிறது. அங்கே சூரிய ஒளி பட்டவுடன் தோலின் உயிரணுக்களை எரிக்கத் தொடங்குகிறது. கறுப்பு மயிரும் கறுப்புத் தோலும் ஒளியை மறித்துவிடும். வெண்மையான இடமும், மயிர் குறைந்த மூக்கு நுனி, காது, மடி ஆகியனவும் வெந்துபோகும். ஆகவே, எரித்தது வெயில். எரியும் பொருள் மாடு தின்ற நல்ல புல்லில் இருந்தே வந்தது. செடி செய்தது வெளியேறும் வாயிலை அடைத்தது மட்டுமே.

பைலோஎரித்திரினின் இச்செயலும் தென்னாபிரிக்காவிலேதான் 1930களில் வெளிப்பட்டது. குவின், ரிமிங்டன் என்னும் இரு விஞ்ஞானிகள், செம்மறிகளின் தலை மஞ்சளித்து வீங்கும் ஒரு நோயை ஆராய்ந்தபோது கண்டார்கள். அந்நோயோடு தொடர்புடைய செடி எது தெரியுமா? நம் மணற்பாங்கான ஒழுங்கைகளிலெல்லாம் படர்ந்து காலிற் குத்தும் நெருஞ்சி! அதே நெருஞ்சிமேல் நம் ஆடு மாடுகள் நாள்தோறும் வாய்வைத்து நலமாகவே திரும்புகின்றன. அங்கோ, வறண்ட பருவத்தில் மழை பெய்து மீண்டும் காய்ந்து நெருஞ்சி வாடும் வேளையிலேதான் பெருமளவில் நோய் உண்டாகிறது. இதிலிருந்து நாம் அறியவேண்டுவது, ஒரு செடியை நஞ்சென்றும் நன்றென்றும் நிலையாகப் பிரித்துவிட முடியாது என்பது. எந்தப் பருவத்தில், எந்த நிலத்தில், எவ்வளவு, எந்தப் பசியில் என்னும் நான்கையும் சேர்த்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்லல் வேண்டும்.

இனி இன்னொரு வினா எழுகின்றது. உண்ணிச்செடி கசப்பும் நாற்றமும் உடையது. புல்லிருக்கும் இடத்தில் மாடு அதனைத் தொடுவதில்லை. பின் ஏன் தின்கிறது?

மாட்டுக்கு மேய்ச்சலறிவு உண்டு. அது பிறவியிலேயே முழுமையாக வாய்ப்பதன்று. அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரெட் புரொவென்சா என்னும் அறிஞர் பல ஆண்டுகள் இதனை ஆராய்ந்தார். கன்றும் குட்டியும் தாயோடு நடந்து, தாய் வாய்வைப்பதில் தாமும் வாய்வைத்து, தாய் விலக்குவதைத் தாமும் விலக்கிக் கற்கின்றன. புதிய செடியைக் கண்டால் சிறிதளவே கடித்துப் பார்க்கின்றன. வயிறு நொந்தால் அச்சுவையை நினைவில் வைத்துப் பின்னர் ஒதுக்குகின்றன. இவ்வாறு வாய் கற்கின்றது.

வயிறும் கற்கின்றது. மாட்டின் முதல் வயிறு கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழும் ஒரு குளம். புதிய தீனி சிறிது சிறிதாக வருமாயின், அதனைச் செரிக்கவல்ல உயிர்கள் அங்கே பெருகுகின்றன; சில நஞ்சுகளையும் அவை முறித்துவிடுகின்றன. இபில் இபில் மரத்தை நம் கமக்காரர் அறிவர். அதன் தழையில் மிமோசின் என்னும் நஞ்சு உண்டு. மிகுதியாகத் தின்றால் மயிர் உதிரும், கழுத்துச் சுரப்பி வீங்கும். அவுஸ்திரேலியாவில் மாடுகள் இதனால் வருந்தின. ஹவாய்த் தீவில் ஆடுகள் அதே தழையைத் தின்று கொழுத்தன. இவ்வேறுபாட்டைக் கண்ட ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆய்வாளர், ஹவாய் ஆடுகளின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களை 1980களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலிய மாடுகளுக்கு மாற்றச் செய்தார். அதன்பின் அம்மாடுகளும் ஊறின்றி அத்தழையைத் தின்றன. அந்நுண்ணுயிருக்கு 1992இல் அவர் பெயர் சேரும்படியாகவே பெயரிட்டார்கள்.

மூன்றாவதாகக் கற்பவர் பட்டிக்காரர். எந்த மடுவின் கரையில் எந்த மாதம் புல் இருக்கும், எந்தப் பற்றைக்குள் மாட்டைப் புகவிடலாகாது, முதல் மழைக்குப் பின் எங்கே விலக்கிக் கட்டவேண்டும் என்பனவெல்லாம் அவர் தந்தையிடமிருந்து பெற்றவை, ஏட்டில் எழுதாதவை. வாயும் வயிறும் பட்டிக்காரரும் ஆகிய இம்மூன்றும் சேர்ந்து ஒரு நிலத்தில் நெடுங்காலம் பழகுவதனாலேதான், நச்சுப்பூண்டுகள் நடுவிலும் பட்டி பெருகி வாழ்கிறது. புள்ளிச்சியைப் பற்றையருகே கயிற்றிற் கட்டியபோது நாங்கள் இம்மூன்றையும் ஒருங்கே அறுத்துவிட்டோம். கட்டிய மாட்டுக்குத் தெரிவு இல்லை; கயிறெட்டும் வட்டத்திற் புல் தீர்ந்தபின் எஞ்சியதைத் தின்பதே அதற்கு வழி.

இனி, வாவியோரத்திலிருந்து தொடங்கி, நம் பகுதியில் அறியத்தக்க சிலவற்றைப் பார்ப்போம்.

உவர்நீர் ஏறும் கரையிலே கண்டல் மரங்களோடு நிற்பது தில்லை. முருகன் கோயில் கொண்ட மண்டூருக்குத் தில்லை மண்டூர் என்ற பெயர் இம்மரத்தால் வந்தது. தில்லையின் பால் தோலிற் பட்டாற் கொப்பளிக்கும். கண்ணிற் பட்டால் பார்வை சிலகாலம் மங்கும். விறகு வெட்டுவோர் இதனை நன்கறிவர். வெட்டிய கிளையை மாட்டின் வழியிற் போடாதிருப்பது நலம்.

வேலியோரத்திற்கு வந்தால், மாரி காலத்திற் கார்த்திகைப்பூ தீக்கொழுந்துபோல மலர்ந்திருக்கும். சங்கப் புலவர் போற்றிய காந்தள் இதுவே. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் முதலிடம் பெற்றதும் இதுவே. அழகிற்கேற்ற நஞ்சும் இதற்கு உண்டு. கோல்கிசின் என்னும் அந்நஞ்சு உடம்பின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கின்றது. கிழங்கிலே அது மிகுதி. இதனை உண்டு உயிர் தப்பிய ஒருவரின் மயிர் முழுவதும் உதிர்ந்த செய்தியை, இலங்கை மருத்துவர் ஒருவர் 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். வேலி திருத்தும்போதும் நிலம் கொத்தும்போதும் வெளிப்படும் கிழங்கைப் பொறுக்கி ஆழப் புதைப்பது பட்டிக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

வீட்டு முற்றத்திலும் கோயில் நந்தவனத்திலும் நிற்கும் செவ்வலரியும் மஞ்சள் அலரியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை. நிற்கும் மரத்தில் மாடு வாய்வைப்பது அரிது. வெட்டிய கிளையிலேதான் இடர் மிகுதி. இலை வாடியபின் அதன் கசப்பும் மணமும் குறைகின்றன, நஞ்சோ குறைவதில்லை. வேலியை வெட்டி ஒழுங்கையில் எறிந்துவிட்டு, பக்கத்து வீட்டு மாடு செத்ததற்குக் கண்ணூறு என்று காரணம் சொல்வது நம்மிடையே இன்றும் நிகழ்கின்றது.

தோட்டத்திலே மரவள்ளி. இதன் தழையும் கிழங்கின் தோலும் நசுங்கும்போது சயனைட்டு உண்டாகும். பசித்த மாடு தோட்டத்தினுட் புகுந்து பச்சைத் தழையை வயிறாரத் தின்றால், ஒரு நாழிகைக்குள் மூச்சிரைத்து விழுந்துவிடக்கூடும். அதன் குருதி வழக்கத்தினும் பிரகாசமான சிவப்பாயிருக்கும். குருதியில் உயிர்வளி இருந்தும் உடல் அதனைப் பயன்படுத்த இயலாமையே அதற்குக் காரணம். நன்றாக வெயிலில் உலர்த்திய தழையில் இந்நஞ்சு பெரிதும் குறைந்துவிடுகிறது.

இதற்கு எதிரான அடையாளம் காட்டுவது நைத்திரேற்று நஞ்சு. நீண்ட வறட்சிக்குப் பின் முதல் மழை பெய்து, சாரணை முதலிய பூண்டுகள் விரைந்து துளிர்க்கும்போதும், யூரியா மிகுதியாக இட்ட வரம்போரத்துப் புல்லிலும், இவ்வுப்பு மிகுதியாகச் சேரலாம். வெறும் வயிற்றோடு மாடு அதனை ஆவலாய்த் தின்றால், வயிற்று நுண்ணுயிர்கள் அதனை நைத்திரைற்று என்னும் கொடிய வடிவாக்கி, பின்னரே அமோனியாவாக மாற்றும். தின்றது அளவு மீறினால் அந்த இடைநிலை வடிவம் குருதியில் ஏறிவிடும். அப்போது குருதி சொக்கலேற்று நிறமாகக் கருகித் தோன்றும். ஆகவேதான், முதல் மழைத் துளிரில் மாட்டை விடுமுன் சிறிது வைக்கோல் கொடுக்கும் பழைய வழக்கம் அறிவுடையது.

கிலுகிலுப்பையைச் சிறுவர் விளையாட்டுப் பொருளாக அறிவர். காய்ந்த காயை ஆட்டினால் விதை கலகலக்கும். இதன் இனங்கள் பலவற்றில் ஈரலை மெல்ல மெல்ல இறுக்கும் நஞ்சு உண்டு. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. வாரங்களோ மாதங்களோ கழித்து மாடு மெலிந்து மாயும். அப்போது யார் கிலுகிலுப்பையை நினைப்பார்? நாட்டு மருந்தாகப் பயன்படும் மூலிகைகள் சிலவற்றிலும் இதே வகை நஞ்சு உண்டென்று, பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1981இல் வெளியிட்டனர். மாட்டுக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்துகிறது.

அண்மைக்காலத்து வரவு பார்த்தீனியம். 1999இல் வவுனியாவில் இது கண்டறியப்பட்டது. இந்திய அமைதிப்படை கொண்டுவந்த ஆடுகளோடு வந்திருக்கலாம் என்று கருதுவோர் உளர். கரட் இலை போன்ற வெட்டுண்ட இலையும், மூக்குத்தி போன்ற வெள்ளைப் பூவும் கொண்டது. மனிதர் தோலில் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும். தின்ற மாட்டின் பாலிற் கசப்பேறும். இதைத் தீனியிற் கலந்து ஊட்டினால் மாடும் எருமையும் மாளும் என்று இந்திய ஆய்வொன்று 1977இலேயே காட்டிற்று. எந்த வயலில் இதனைக் கண்டாலும், பூக்குமுன் கையுறையிட்டுப் பிடுங்கி அழிப்பதே கடமை.

நேயர்களே, செடிகளின் பட்டியலை இன்னும் நீட்டலாம். நீட்டுவதாற் பயனில்லை. இவற்றுட் பெரும்பாலானவை நேற்று வந்தவை அல்ல. நம் பாட்டன் காலத்திலும் நின்றவை. அன்று பட்டிகள் பெருகின என்றால், இன்று ஏன் அஞ்சுகிறோம்?

மட்டக்களப்பின் மேய்ச்சல் ஒரு வட்டமாய்ச் சுழல்வது. ஐப்பசியளவிற் பெரும்போக விதைப்புத் தொடங்கும்போது வயல்வெளியிலிருந்து மாடுகளைச் சாய்த்துக்கொண்டு தொலைவிலுள்ள மேய்ச்சல் தரைக்குச் செல்வார்கள். அறுவடை முடிந்தபின் தாள் நிற்கும் வயலுக்குத் திரும்புவார்கள். மாடு தாளைத் தின்னும். அதன் எரு வயலுக்கு உரமாகும். வேளாண்மையும் பட்டியும் ஒன்றையொன்று தாங்கி நின்ற ஏற்பாடு இது. அவ்வேற்பாடு நிலைக்க, மாரி காலத்தில் மாடு போயிருக்க ஓரிடம் வேண்டும். மாவட்டத்தின் மேற்கெல்லையிலுள்ள மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சல் நிலங்கள் அத்தகையவை. அங்கே வெளியிலிருந்து வந்தோர் பயிரிடத் தொடங்கியமையால் இடம் சுருங்குகிறது என்று முறையிட்டு, பாற்பண்ணையாளர் 2023 செப்டம்பரிற் சித்தாண்டியில் வீதியோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டம் நாடறிந்தது.

அச்செய்தியை நிலத்தகராறு என்று மட்டும் கேட்டவர்கள் பலர். மாட்டின் வயிற்றிலிருந்து பார்த்தால் அதற்கு மற்றொரு பொருள் உண்டு. நிலம் சுருங்கும்போது புல் முதலில் தீர்கின்றது. மாடு தொடாத நச்சுப்பூண்டு எஞ்சி, போட்டியின்றிப் பெருகுகின்றது. பசி அதனை உண்ணச் செய்கிறது. பழகிய தரையிலிருந்து பழகாத தரைக்கு விரட்டப்பட்ட பட்டியில், தாய்ப்பசுவுக்கே வழி தெரியாதபோது கன்றுக்கு யார் கற்பிப்பார்? பட்டிக்காரரின் மகன் தொழிலை விட்டு வெளிநாடு சென்றபின், எந்த மடுவில் எந்தப் பூண்டு என்பது யார் நினைவில் நிற்கும்? செடி கொன்ற மாட்டுக்குச் செடியை மட்டும் குற்றம் சொல்லி முடிப்பது, எங்கள் வீட்டார் அயலவரைக் குற்றம் சொன்னதைப் போன்ற அரைத் தீர்ப்பாகும்.

ஆகவே, மாடு வளர்ப்போர் உள்ளத்திற் கொள்ளத்தக்க சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

புதிய தரைக்கு மாட்டைக் கொண்டு செல்லுமுன் வயிற்றுக்கு வைக்கோலோ புல்லோ கொடுங்கள், பசியோடு இறக்காதீர்கள். கயிற்றிற் கட்டுவதானால், கயிறெட்டும் வட்டத்தை முதலில் நீங்களே நடந்து பாருங்கள். வேலி வெட்டிய தழையையும் பூந்தோட்டக் கழிவையும் மாடு நடமாடும் இடத்தில் எறியாதீர்கள். உண்ணிச்செடியைப் பிடுங்குவதானால் வேரோடு பிடுங்குங்கள்; தண்டை மட்டும் வெட்டினால் இரட்டிப்பாய்த் துளிர்க்கும்.

மாடு அசைபோடாது, கண் மஞ்சளித்து, வெண்தோல் சிவந்து கண்டால், முதலில் அதனை நிழலுக்குக் கொண்டுசெல்லுங்கள். மருந்துக்கு முந்திய மருந்து அதுவே. உண்ணிச்செடி தின்ற மாட்டின் வயிறு அசைவற்று நின்றுவிடுவதால், தின்ற தழை உள்ளேயே தங்கி நஞ்சை மேலும் மேலும் ஊட்டிக்கொண்டிருக்கும். ஆதலாற் காத்திருப்பது கேடு. கால்நடை வைத்தியர், உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 5 கிராம் வீதம், நஞ்சை உறிஞ்சும்படி பதப்படுத்திய கரித்தூளை நீரிற் கரைத்துப் புகட்டுவார். அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது. மயங்கி விழுந்த மாட்டின் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றவேண்டாம். அது மூச்சுக்குழலிற் சென்று மாட்டைக் கொல்லக்கூடும். மாடு இறந்துவிட்டாலும், அது மேய்ந்த இடத்தைச் சுற்றிப் பார்த்து, கடிபட்ட செடியின் கிளையொன்றை வைத்தியரிடம் காட்டுங்கள். இறந்த மாட்டுக்கு அதனாற் பயனில்லை. எஞ்சிய பட்டிக்கு உண்டு.

முதிய பட்டிக்காரர் எவரேனும் உங்கள் ஊரில் இருந்தால், மாணவர்களே, ஒரு நாள் அவரோடு மேய்ச்சல் தரைக்குச் சென்று, அவர் விலக்கும் ஒவ்வொரு செடியின் பெயரையும் காரணத்தையும் கேட்டு எழுதிவையுங்கள். பல்கலைக்கழகத்தார் அதனைச் சரிபார்த்துக்கொள்ளட்டும். எழுதாவிட்டால் அவரோடு போய்விடும்.

அந்த வைத்தியர் அம்மையார் சொன்னதை வீட்டில் வந்து தந்தையாரிடம் கூறினேன். அப்போது அவர் தளர்ந்திருந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை வட்டாவில் வெற்றிலை வைத்து எடுத்துவரச் சொன்னார். என் தோளைப் பற்றிக்கொண்டு, பதினேழு ஆண்டாகத் திறக்காத அயல்வீட்டுப் படலையைத் தாமே திறந்தார். திண்ணையில் இருந்தவர் எழுந்து நின்றார். தந்தையார் வெள்ளைத் தோலையும் வெயிலையும் உண்ணிச்செடியையும் தமக்கு விளங்கிய அளவிற் சொல்லிமுடித்தார். அவர் கேட்டுவிட்டு, "நானும் அப்படி ஏசியிருக்கக்கூடாது மச்சான். இருங்க" என்று சொல்லி, வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அதன்பின் இருவரும் அவ்வாண்டு மழையைப் பற்றிப் பேசினார்கள்.

ஒரு செடியின் இயல்பை அறியாமையால் ஒரு பசுவையும் பதினேழு ஆண்டையும் இழந்தோம். உங்கள் வீட்டில் அவ்விழப்பு நேராதிருக்கட்டும்.